உயிரோடிருந்த அத்தைக்கு ஒரு பட்டுக் கல்லறை

ஆக்ஸா ஹப்பல் பட்டில் தைத்த வில்லோ மரத்தில் குருவிகள் கூடு கட்டின. சரி, கூடு என் கைச்சரக்கு. ஒரு குருவி ஜன்னல் வழியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாசசூசெட்ஸில் ஒரு பண்ணைக்காரரின் மகள் அவள். பால் கறக்கிற கைக்குப் பட்டு நூல் எதற்கு என்று பெண்கள் பள்ளியில் முதலில் சிரித்தார்கள். அவள் ஊசியைப் பிடித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெனரல் வாஷிங்டன் செத்துப்போனதிலிருந்து பெண்பிள்ளைகளுக்குத் துக்கப்படம் தைக்கிற பைத்தியம். வெள்ளைப் பட்டில் ஒரு கல்லறை, அதன்மேல் ஒரு அஸ்தி ஜாடி, கிளைகளைத் தொங்கவிட்ட வில்லோ மரம், கைக்குட்டையோடு சாய்ந்து நிற்கும் உறவினர். கல்லறையில் பெயரை மையால் எழுதிவிட்டால் வசந்தகாலக் கண்காட்சியில் மாட்டலாம்.

ஆக்ஸாவிடம் எல்லாம் இருந்தது, செத்தவர்தான் இல்லை.

அவள் வீட்டில் எவரும் சாகிற மாதிரித் தெரியவில்லை. அம்மாவைப் பெற்ற தாத்தா இன்னும் ஆப்பிள் மரம் ஏறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் லுக்ரீஷியாவுக்கோ செத்துப்போன இரண்டு தம்பிகள், ஒரு சித்தி என்று யாரைத் தைப்பதென்றே குழப்பம். ஆக்ஸாவுக்குப் பொறாமை வந்தது. உடனே வெட்கமும் வந்தது. பெயரில்லாத கல்லறை என் சுவரில் ஏறாது என்று ஆசிரியை மிஸ் லோரிங் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அத்தை மெஹிட்டபெலிடம் ஓடிப்போய்ப் புலம்பினாள். அப்பா சைலஸ் தன் தலையில் நொண்டிக் குதிரையைக் கட்டிவிட்டார் என்று அத்தை அவரோடு பேசுவதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

"என் பேரை எழுதுடி," என்றாள் அத்தை.

"நீங்க உசிரோட இருக்கீங்களே அத்தை."

"செத்தப்புறம் மாட்டினா எனக்குப் பாக்கக் கிடைக்குமா? பக்கத்துல உங்கப்பன நிக்க வை. நிஜத்துல அவன் அழமாட்டான். பட்டுலயாவது அழட்டும்."

ஆக்ஸா பறந்து பறந்து தைத்தாள். முகத்தை மட்டும், வழக்கம்போல, சித்திரக்காரர் வரைந்தார். சைலஸின் மூக்கு அச்சு அசலாக வந்துவிட்டது.

கண்காட்சியன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஆக்ஸா தன் படத்தை நெருங்குவதற்குள் பாதிரியார் சைலஸின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டார். சைலஸ் சுவரைப் பார்த்தார், தங்கையின் பெயரைப் படித்தார். எப்போது போனாள், எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்கும்போதே குரல் உடைந்து கைக்குட்டையை எடுத்தார். ஆக்ஸா கூட்டத்தை இடித்துக்கொண்டு பாய்ந்தாள். அதற்குள் புதுத் தொப்பியோடு அத்தையே வாசலில் நுழைந்தாள்.

அவளைத் தெரிந்த பெண்கள் பேயென்று விலகி ஓடினார்கள். மிஸ் லோரிங் விஷயத்தைப் புரிந்துகொண்டு, பொய்யை மாட்டுவதற்கா பள்ளிக்கூடம் என்று கோபமாகப் படச் சட்டத்தைக் கழற்றப் போனார்.

"கல்லறை கொஞ்சம் முந்திக்கிச்சு, ஒத்துக்கறேன் மிஸ்," என்றாள் அத்தை. "ஆனா அழுகை பொய்யில்ல. அங்க பாருங்க."

எல்லோரும் சைலஸைப் பார்த்தார்கள். மிஸ் லோரிங் ஆணியிலிருந்து கையை எடுத்தார். படம் மாட்டின இடத்திலேயே இருந்தது.

"நான் ஒண்ணும் அழல," என்றார் சைலஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சளி புடிச்சிருக்கு."