ஒரிஜினல் திரவம்

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். என் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது, மோகனூரில் கரும்பு விவசாயம் பார்க்கும் அக்கா தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. "பொருத்தம் பாருங்க" என்று கையை நீட்டிவிட்டாள்.

அறுவைக்கு முந்தின நாள், சேலம் மருத்துவமனையில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். அக்காவிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தை எனக்குப் பொருத்தும்வரை குளிர்ந்த ஒரு திரவத்தில் வைத்திருப்பார்களாம். அதை முதலில் தயாரித்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். அதே சேர்மானத்தில் இங்கேயும் தயாராகிறது. அவர்கள் பயன்படுத்துவது இங்கே தயாராவதைத்தான்.

"ஒரிஜினலே போடுங்க டாக்டர். எங்கிருந்து வேணும்னாலும் வரவெச்சுக்கலாமுங்க" என்றேன்.

"ரெண்டையும் பயன்படுத்திப் பார்த்திருக்கோம். எங்க நோயாளிங்ககிட்ட வித்தியாசம் தெரியல. உங்க அக்கா பக்கத்து ரூம்லயே இருக்கப் போறாங்க. கிட்னி வெளிய இருக்கறது கொஞ்ச நேரம்தான்."

லோக்கல் சாமானைக் காட்டி, ரெண்டும் ஒண்ணுதானுங்க என்று டிரைவர்களிடம் தினமும் சொல்பவன் நான். அன்றைக்கு அது மனதில் ஏறவே இல்லை.

"கெட்டுப்போச்சுன்னா? வீணாப் போயிரக் கூடாதுங்க."

அக்கா கேட்டாள்: "ஏனுங்க டாக்டரு, எனக்குத் தைக்கிற நூலு எந்த ஊருதுங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். டாக்டரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அவளுக்கு எங்கே கிழிப்பார்கள், எவ்வளவு வலிக்கும், எப்போது எழுந்து நடப்பாள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. சிறுநீரகம் அவள் உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகு என்ன ஆகும் என்பது மட்டுமே என் கவலையாக இருந்தது. இப்போதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் டாக்டரே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார்.

இங்கே தயாரான திரவத்தையே பயன்படுத்தினார்கள். பொருத்திய உடனே சிறுநீர் இறங்கிவிட்டதாம்.

என்னை நடக்க விட்டதும் அவள் வார்டுக்குப் போனேன். தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"மூத்திரம் நல்லாப் போகுதா சாமி?"

"போகுதுக்கா. உனக்கு வலிக்குதா?"

"இருமுனா மட்டும்."

இப்போது அவள் மறுபடியும் தோட்டத்துக்குப் போகிறாள். கரும்புக் கட்டுத் தூக்க மட்டும் அவள் வீட்டுக்காரரான மாமா விடுவதில்லை; தானே தூக்குகிறார். நான் போனால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க மாப்ள" என்கிறார். உட்கார்ந்துகொள்கிறேன். அவர் முகத்தைத்தான் பார்க்க முடிவதில்லை.