ஆஃப்சைடு மாமாவுக்கு அஞ்சலி

கால்பந்து மைதானத்தில் எங்கள் கேலரியில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. வந்து இரண்டு ஆட்டம் பார்ப்பதற்குள் யாராவது ஒரு பட்டப்பேர் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பெற்றோர் வைத்த பேர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான். கோல் விழுந்தால் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைச் சுற்றியிருப்பவர்கள் தலையில் கவிழ்க்கிற இளைஞன் ‘மெட்ரோ வாட்டர்’. எந்த ஆட்டத்துக்கும் பாதியில்தான் வந்து சேர்வான் இன்னொருவன், அவன் ‘செகண்ட் ஹாஃப்’. எனக்கு ‘அறிக்கை’ என்று பேர். ஜெயித்தாலும் தோற்றாலும் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எதையாவது எழுதிப் போட்டுவிடுவேன் என்பதால் வந்தது. மயிலாப்பூரில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிற, ஐம்பதைத் தொடப்போகிற மனிதனை இப்படிக் கூப்பிட்டால் கோபம் வரவேண்டும். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

என் பக்கத்து நாற்காலி ‘ஆஃப்சைடு மாமா’வுடையது. என்னைவிட நாலைந்து வயது பெரியவர், நல்ல உருண்டை உடம்பு. கால்பந்தில் ஆஃப்சைடு என்றால், பந்துக்கு முன்னால் எதிரணிக் கோலருகே போய் நிற்கிற தப்பு என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் எதிரணி பந்தைத் தொட்டாலே எழுந்து நின்று “ஆஃப்சைடு!” என்று கத்துவார். எதிரணி கோல்கீப்பர் தன் கோலுக்கு முன்னாலிருந்து பந்தை உதைத்தாலும் ஆஃப்சைடு. சமோசா விற்கிறவன் எங்கள் வரிசையைத் தாண்டிப் போனாலும் ஆஃப்சைடு. ரெஃப்ரியின் மூன்று தலைமுறையை அவர் திட்டாத ஆட்டம் இல்லை. டிக்கெட் வரிசையில் கூச்சமே இல்லாமல் முன்னால் நுழைவார். மந்தவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நான் நடந்து சேர்வதற்குள் எனக்கும் ஒரு இடம் பிடித்து, அதில் தன் துண்டைப் போட்டு வைத்திருப்பார். இப்படிப் பல வருஷம்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டாம் எண் ஜெர்சியை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்கமாட்டார்கள். பதினோரு பேர் ஆடுகிறார்கள், பன்னிரண்டாவது ஆள் கேலரி என்று கணக்கு. உலகத்தில் பல கிளப்கள் செய்வதுதான், எங்களவர்களும் பார்த்துச் செய்தார்கள். வருஷத்துக்கு ஒரு ரசிகரை மைதானத்துக்குள் அழைத்து, அந்த ஜெர்சியில் அவருடைய பட்டப்பேரை அச்சடித்துக் கொடுப்பார்கள். கூடவே தோளில் ஒரு பொன்னாடை. அது நம்ம ஊர்ச் சேர்க்கை. மாமாவுக்கு அதன்மேல் ஒரே ஆசை. ஒவ்வொரு வருஷமும் “இந்த வாட்டி நமக்குத்தான் நைனா” என்பார். வேறு யாரையாவது கூப்பிட்டால் அதற்கும் “ஆஃப்சைடு!” என்று கத்திவிட்டு, அப்புறம் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டுவார்.

போன சீசன் நடுவில் ஒரு ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து நடந்த அடுத்த ஆட்டத்துக்கும் வரவில்லை. மூன்றாவது ஆட்டத்தன்று, முந்தின இரண்டுக்கும் வராமலிருந்த செகண்ட் ஹாஃப் ஒரு செய்தியோடு வந்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் சைதாப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், எங்கள் அணியின் ஆரஞ்சு ஜெர்சி போட்ட ஒரு குண்டு மனிதரை வேன் இடித்துத் தூக்கிப் போட்டதாம். பஸ்ஸில் போகும்போது பார்த்தானாம். ஒரே ரத்தமாம். உயிர் இல்லை என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்களாம். அவன் இறங்கிப் பார்க்கவில்லை. நாங்களும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மாமாவிடம் இருந்தது பழைய பட்டன் போன், குழுவில் அவர் இல்லை, அவருடைய எண் எங்களில் ஒருவரிடமும் இல்லை. தேடுவதற்கு வழியில்லை என்று தேடாமலே முடிவு செய்துகொண்டோம்.

அன்று ராத்திரி நான்தான் எழுதினேன். ‘நம் ஆஃப்சைடு மாமா இனி இல்லை’ என்று தொடங்கினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன், அதில் பொய் இல்லை. என் மனைவி காபி டம்ளரோடு வந்து நின்றாள்.

“ஏன்னா, யாரு போயிட்டா?”

“ஆஃப்சைடு மாமா.”

“அது சரி, அவர் பேர் என்ன?”

நான் போனில் அடுத்த வரியைத் தட்டினேன்.

“பேரே தெரியாதவருக்கா கண்ணுல ஜலம் விட்டுண்டு எழுதிண்டிருக்கேள்?” என்று கேட்டுவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் கேலரியைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எழுதியது ஊரெல்லாம் பரவியது. யார் யாரோ பகிர்ந்தார்கள். எதிரணி ரசிகர்கள்கூட இரங்கல் சொன்னார்கள். மறுநாள் கிளப்பிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அடுத்த ஆட்டத்தில் மாமாவுக்கு அஞ்சலி செய்யப்போகிறார்களாம், அந்த வருஷத்துப் பன்னிரண்டாம் எண் ஜெர்சியும் அவருக்குத்தானாம்.

“சார், அவரோட முழுப் பேர் சொல்லுங்க. ஃபேமிலிலேர்ந்து யாராவது வருவாங்களா?”

“அந்தப் பேரே போதும்மா, அப்படிக் கூப்பிட்டாத்தான் அவருக்குப் பிடிக்கும். குடும்பமெல்லாம் வெளியூர்” என்றேன். வாய்க்கு வந்தது அதுதான். அந்தப் பெண்ணும் நம்பிவிட்டார்.

அஞ்சலி பிரமாதமாக நடந்தது. கேலரி வாசலில் மேஜை போட்டு அவர் படத்தை வைத்தோம். ஒரு குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த படம். கத்திக்கொண்டிருக்கும்போது எடுத்ததால் வாய் முழுக்கத் திறந்திருக்கும். அதற்குச் சந்தன மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு, ஊதுபத்தி. ஆட்டக்காரர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு நிமிஷ மௌனம். பிறகு ஆட்டத்தின் பன்னிரண்டாவது நிமிஷத்தில் கேலரி மொத்தமும் எழுந்து நின்று ஒரே குரலில் “ஆஃப்சைடு!” என்று கத்தியது. இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்படிச் செய்வது என்று முடிவாயிற்று. அவர் உட்கார்ந்த நாற்காலியில் பட்டப்பேரை எழுதிக் காலியாக விட்டார்கள். ஜெர்சியைக் குடும்பத்திடம் சேர்த்துவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அதை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து என் ஸ்கூட்டர் சீட் கிழிந்துபோனது. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் சீட் கவர் தைக்கிற கடைகள் வரிசையாக உண்டு. மூன்றாவது கடையில் ரேட் கேட்கலாம் என்று வண்டியை நிறுத்தினேன். உள்ளே தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார்.

“வா அறிக்கை. இன்னா, சீட்டு பூட்ச்சா?”

“மாமா... நீங்க...” என்றேன்.

“கீறேன், கீறேன். உக்காரு மொதல்ல.”

தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பெரியாஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இது: “ஏன் மாமா, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?” தப்பு அவருடையது மாதிரி.

“யார்கிட்ட சொல்லி அனுப்புறது? அறிக்கைன்னு வூட்டு வாசல்ல போர்டு மாட்டிக்கீறியா நீ?” என்று சிரித்தார். “நான் ஜெர்சியோடதான அடிபட்டேன். எவனாச்சும் பாத்து உங்களாண்ட சொல்லிருப்பான், இன்னிக்கி வருவானுங்க, நாளைக்கி வருவானுங்கன்னு வாசலையே பாத்துக்கினு கெடந்தேன். பக்கத்து பெட்டுக்காரன்கிட்டகூட சொல்லி வெச்சேன். ஒரு கும்பல் வரும்பா, சத்தம் போடுவானுங்க, கோச்சிக்காதன்னு.”

பார்த்தவன் இருந்தான், வந்து எங்களிடம் சொல்லவும் செய்தான். நாங்கள் மாலை வாங்கப் போய்விட்டோம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அஞ்சலி நடந்தபோது அவர் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். அன்று அவருடைய மருமகன் ஆட்டத்தை போனில் பிடித்து டிவியில் போட்டிருக்கிறார்.

“பாத்தா என் மூஞ்சி. மாலை. என் பொண்டாட்டி கத்தி ஊரக் கூட்டிட்டா. நான் டிவிய அணைக்க வுடல, முழுசா பாத்தேன். ஒருத்தன்கூட அசையலப்பா. அந்த மெட்ரோ வாட்டரு தேம்பித் தேம்பி அழுதான். அவன் எனக்காவ அழுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

அப்போதுதான் அவர் தலைக்குமேல் சுவரில் இருந்த படத்தைக் கவனித்தேன். மெக்காவின் படம், அதன் ஓரத்தில் 786. நோன்பு மாதத்து ஆட்டங்களில் நாங்கள் கொடுக்கிற பப்ஸை வாங்கித் தின்னாமல் பைக்குள் வைத்துக்கொள்வார். “பார்சல் கட்டுறாருடா” என்று கிண்டல் செய்து சிரித்திருக்கிறோம். அவரும் கூடச் சிரிப்பார். அந்த மனிதருக்குத்தான் குத்துவிளக்கு ஏற்றி வைத்தோம். என் கண் போன இடத்தை அவர் பார்த்துவிட்டார்.

“வெளக்கு பரவால்ல வுடு, மரியாதையாத்தான வெச்சீங்க. அந்த போட்டோதான். வாயப் பொளந்துக்கினு... வேற ஒண்ணு கெடைக்கலியா உங்களுக்கு?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரெஃப்ரியைத் திட்டுகிற வாயால் என்னை நாலு கேள்வி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ டீ சொல்லி அனுப்பினார்.

“கால் சரியானதும் வாங்க மாமா” என்றேன்.

“எப்டி வர்றது? சும்மா நீயே சொல்லு. பசங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிப்பானுங்க? உயிரோட கீறவனுக்கு மாலை போட்டாங்கன்னு கிளப்ப பாத்து ஊரே சிரிக்கும். வேணாம். அவ்ளோ பெரிய மரியாதை பண்ணிக்கீறாங்க, அதக் கெடுக்கக் கூடாது.”

இதைக் கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. நிம்மதி வந்தது. ஆயிரம் பேர் பகிர்ந்த என் எழுத்து தப்பியது, கிளப்பில் நான் சொன்ன பொய் தப்பியது, குழுவில் என் மானம் தப்பியது என்றுதான் மனசு முதலில் கணக்குப் போட்டது. அவர் பிழைத்திருக்கிறார் என்ற சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒப்புக்கு இன்னொரு முறை கூப்பிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்டார்.

“எதுத்தாப்ல கேலரி கீதே, அந்தப் பக்கம் ஒரு டிக்கெட்டு எடுத்துக் குடு. அங்க என்னை யாருக்கும் தெரியாது. டிவில பாத்தா பாத்த மாரியே இல்ல.”

எடுத்துக் கொடுத்தேன். பீரோவிலிருந்த ஜெர்சியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரித்துப் பார்த்து, முதுகிலிருந்த எழுத்தைத் தடவிக் கொடுத்தார். சட்டைமேலேயே மாட்டிப் பார்த்தார், வயிற்றுக்குக் கீழே இறங்கவில்லை. “இன்னாபா, செத்தவனுக்கு சைஸ் எதுக்குன்னு வுட்டுட்டாங்களா?” என்றார். அன்றைக்குத்தான் அவருடைய பேரைக் கேட்டேன். சொன்னார். நல்ல பேர். “ஆனா நீ அப்டிக் கூப்டாத. அந்தப் பேருக்கு வூட்ல ஆளு கீது” என்றார்.

யாரிடமும் நான் சொல்லவில்லை. அவர்தானே வேண்டாம் என்றார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த சீசனின் முதல் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்தில் பேர் எழுதிய காலி நாற்காலி, அதன்மேல் யாரோ போட்ட ரோஜாப் பூ. எதிர் கேலரியில் அங்கங்கே சிறு கூட்டம். ஆட்டம் தொடங்கியதிலிருந்து நான் பந்தைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கத்தையே துழாவிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நிமிஷம் வந்தது. எங்கள் கேலரி எழுந்து “ஆஃப்சைடு!” என்று முழங்கியது. எதிரில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நடு வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு குண்டு மனிதர் மட்டும் ஊன்றுகோலைப் பிடித்து மெதுவாக எழுந்தார். எழுந்து, இறந்தவருக்கு நிற்பது மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மெட்ரோ வாட்டர் பின்னாலிருந்து என் தோளைக் கட்டிக்கொண்டான்.

“அழுவாத அறிக்கை. எனக்கும் அப்டித்தான் கீது. மாமா எங்கயும் பூடல, மேலேர்ந்து நம்மள பாத்துக்கினுதான் இருப்பாரு.”

“ஆமாம்டா” என்றேன்.