இருவாச்சி பழம் தின்ற மரம்

நாங்கள் காக்ஸ் டவுனுக்குக் குடிவந்தபோது எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர். கோடை விடுமுறை வந்தால் மலைநாட்டுக் காட்டுக்குப் போய்விடுவார். அத்திக் குடும்பத்து மரங்கள் அங்கே என்னென்ன வகை இருக்கின்றன என்று தேடிப் பார்ப்பது அவர் வேலை. ஆலும் அரசும் மட்டுமல்ல, பலா, அயினி, பிராய் எல்லாம் அந்தக் குடும்பந்தான். கீறினால் பால் வடியும். அவர் கொண்டுவருவதை வரைவது என் வேலை. காய்கள் ரயிலேறி வருவதற்குள் கறுத்துவிடும். நிறத்தை அவர் வாயால் சொல்ல, நம்பி வண்ணம் தீட்டுவேன்.

ஒரு கோடையில் ஈரப்பாசியில் பொதிந்து ஒரு கூடைக் காய் அனுப்பியிருந்தார். மறுநாள் காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கடுகைவிடச் சிறிய குளவிகள். காய்க்குள் பிறந்து, துளைத்து வெளியே வந்தவை. ஒவ்வொரு வகை அத்திக்கும் தனிக் குளவி உண்டு; வேறு அத்தியை அது நாடாது. இவற்றின் மரமோ எங்கேயோ மலையில். ஜன்னலைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அவர் திரும்பியதும் சொன்னேன்: "அடுத்த வாட்டி நானும் வரேங்க."

"அட்டை கடிக்கும். ஆம்பளைங்களே அலறுவாங்க."

"அட்டைக்கு ஆம்பள, பொம்பளன்னு தெரியுமா?"

சிரித்துவிட்டார். கூட்டிப்போனார்.

அந்தக் காட்டில் ஒரு பெரிய இச்சிமரம்; அதுவும் அத்தி வகைதான். வேறொரு மரத்தைச் சுற்றிப் படர்ந்து வளர்ந்தது. உள்ளே இருந்த மரம் மக்கிப்போக, இச்சியின் வேர்களே சுவராக நின்றன. நடுவில் இருவர் நிற்கலாம். நின்றோம். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கழுத்து வலிக்கலையா?"

"உஷ்... மேல இருவாச்சி பழம் தின்னுது, கேளு."

அந்தப் பறவை உதிர்த்த பழம் ஒன்று வெளியே விழுந்தது. போய் எடுத்தேன். செந்தூர நிறம். அவர் இத்தனை நாளாகச் சொல்லிவந்த சிவப்பு அது இல்லை. அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன்.

ஊர் திரும்பியதும் அவருக்கு மலேரியா. தணிந்தது, ஆனால் வருஷா வருஷம் திரும்பி வந்தது. இனிக் காட்டுப் பக்கமே போகக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை பாதிதான் முடிந்திருந்தது.

"நீ போய்ட்டு வா. அங்க ஃபாரஸ்ட் ஆளுங்க எல்லாம் உனக்குத் தெரிஞ்சவங்கதானே" என்றார் ஒருநாள்.

எனக்கும் ஆசைதான். படுக்கையும் வண்ணப்பெட்டியும் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். கண்ணை மூடினால் மரம் வந்தது. மரத்தோடு அவருடைய அண்ணாந்த முகமும் வந்தது. ஊரைத் தாண்டுமுன்பே, மல்லேஸ்வரத்தில் வண்டி நின்றது. இறங்கிவிட்டேன்.

ஜட்கா வீட்டு வாசலில் நின்றபோது, அவர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"ரயிலை விட்டுட்டியா?"

"ஆமாங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

அந்தக் காட்டை நான் மறுபடி பார்க்கவில்லை. அவர் இருந்தவரை அதைப் பற்றிப் பேசிப் பேசியே இருவரும் அங்கே போய்வந்தோம். மலைநாட்டில் மழை பிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால், ரயிலேற வேண்டும்போல் இன்னும் இருக்கிறது. யாரோடு ஏறுவது?