கருப்புசாமி பாதியில் நிறுத்திய மருந்து

1995-ல் வால்பாறைப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்த கருப்புசாமிக்கு உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. வலது விதை வீங்கியிருந்தது. சிறுநீர் எரிந்தது, சாயங்காலமானால் காய்ச்சல். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதிப்பான். நடத்துநர் கேட்டால், "ஒடம்புச் சூடுங்க" என்று மழுப்புவான்.

கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. அம்மா ராசாத்தாள் மருமகள் மயிலாத்தாளைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துக்கொண்டு அலைந்தாள். கருப்புசாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வலி பொறுக்க முடியாமல், தெரிந்த முகம் இல்லாத கோவைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தான். மூன்று வாரத்துக்கு மாத்திரை. நாலாம் நாளே வீக்கம் வடிந்துவிட, மிச்சத்தை விட்டுவிட்டான். பத்து நாளில் காய்ச்சல் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது.

மறுபடி அதே டாக்டரிடம் போனான். ஊசி போட்டுக் காய்ச்சல் அடங்கியபின் விந்துப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் சீட்டைக் காட்டினார்.

"சீழணு நெறைய இருக்குதுங்க. கிருமிய அடிக்க ஒடம்பு அனுப்புன வெள்ளையணுதான் இது. ஆனா இந்த எடத்துல ஒடம்பு முழு வேகத்துல சண்டை போடாது. போட்டா கொழந்தைக்கு வேண்டிய உயிரணுவும் சேந்து அழிஞ்சுரும். மீதிய மருந்துதான் பாக்கோணும். நீங்க பாதியில நிறுத்திப்போட்டீங்க."

"கொழந்தை இல்லாததுக்கும் இதுதானுங்களா?"

"இருக்கலாமுங்க. சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் மருந்து வேணும்."

பேருந்து நிலையத்தில் ஊருக்குப் போகும் மூன்று பொள்ளாச்சி வண்டிகளை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்தும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடைசியில் சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டான்.

"அம்மா, இனி மயிலாவ எங்கியும் கூட்டிட்டுப் போகாதீங்க. கோளாறு எங்கிட்டங்க."

"ஆம்பளைக்கு என்ன கண்ணு கோளாறு?" என்றாள் ராசாத்தாள்.

மயிலாத்தாள் அடுப்பை அணைத்தாள். "எத்தன நாளா வலி?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா என்னைய மட்டும் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அனுப்பிப்போட்டு, நீங்க வாயே தொறக்கல!"

"டாக்டர் ஒன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு, ஒனக்கும் மருந்து வேணுமாம்" என்று மட்டும் சொன்னான். மறுநாள் காலை அவனுக்கு முன்பே அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றாள்.

இருவரும் மருந்தை முழுதாகச் சாப்பிட்டார்கள். அடுத்த பரிசோதனையில் சீழணு இல்லை, உயிரணு மட்டும் குறைவாக இருந்தது. "பொறுத்துப் பாக்கலாமுங்க" என்றார் டாக்டர். ஒன்றரை வருடம் கழித்து மயிலாத்தாள் உண்டானாள். அதுவரை மாமியாரோடு அவள் பேசவேயில்லை, புருஷனோடும் தேவைக்குத்தான்.