அசையாத யோகராஜா

மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் யோகராஜா அசைய மாட்டார். காலை ஆறு மணிக்குப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாரென்றால், மலையேறி வரும் பனி கூரைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசியில் அவரையும் பாதி விழுங்கிவிடும். பேச்சுக் கொடுத்தால் பதில் வரும். கை கால் அசையாது. அவரைப் பார்க்க வந்த நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். பத்தே நிமிடத்தில் கால் மரத்துப்போயிற்று.

"அங்க அப்படியே பழகிப் போச்சுங்க" என்கிறார்.

அங்கே என்றால் வட ஆபிரிக்கப் பாலைவனம். 2004இல் போனவர், ஐந்து வருடம் கழித்துப் போன மாதம்தான் திரும்பினார். எரிவாயுவோடு சேர்ந்து வரும் காபனீரொட்சைட்டைப் பிரித்து, மறுபடி பூமிக்கடியிலேயே செலுத்தி அடைக்கும் கம்பனி. அடைத்தது அடைத்த இடத்தில் இருக்கிறதா என்று யார் குனிந்து பார்ப்பது? அதனால் மணலில் வரிசை வரிசையாகக் கருவிகளைக் குத்தி வைப்பார்கள். பெரிய லொறியொன்று தரையை அதிர வைக்கும். அதிர்வு ஆழத்துக்குப் போய்த் திரும்புவதைக் கருவிகள் பிடித்துக் கோடு கோடாகக் காட்டும். கருவிகளைக் குத்துவது இவர் வேலை. 'காது' என்றுதான் அவற்றைச் சொல்வார்.

"காது கேக்குற நேரத்துல ஒரு எட்டு வைக்கக் கூடாதுங்க. எறும்பு நடந்தாக்கூட காட்டிக் குடுத்துரும்."

அப்படிப்பட்டவர் ஒரேயொரு நாள் குதித்துவிட்டார். பெண் குழந்தை பிறந்திருக்கிறதென்று முகாமிலிருந்து வோக்கி டோக்கியில் செய்தி வந்த நேரம் அது. அன்றைய பதிவு வீண். மேற்பார்வையாளர் ஹுமைத் ஏசிய ஏச்சு கொஞ்சமல்ல.

"எம்மக பொறந்த சேதி அந்தப் பேப்பர்ல கோடா விழுந்து கெடக்குங்க!" சிரிக்கும்போது மட்டும் தோள் குலுங்குகிறது.

அந்த மகள் நிஷாந்தினிக்கு இப்போது நாலு வயது. அப்பாவைப் போட்டோவில் மட்டும் பார்த்து வளர்ந்தவள். இவரை "மாமா" என்கிறாள். கிட்டே போனால் அம்மாவின் சேலைக்குள் ஒளிகிறாள். பாவம் மனிதர். அவள் தானாகத் தன்னிடம் வரவேண்டும். ஒரு மாதமாக அவருக்கு வேறு ஆசையே இல்லை.

"போடி, அப்பாகிட்ட போ" என்று மனைவி குணமணி அன்று காலையும் பிள்ளையைத் தள்ளினார்.

"வெரட்டாத புள்ள. நாம சும்மா இருந்தா அதுவா வரும்."

"இப்படியே செலையா இருங்க. அவ கல்யாணத்துக்கு வந்து கூப்புடுவா!"

சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையோடு குணமணி, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடினார். நர்சரிக்குப் போகவேண்டிய நிஷாந்தினி, நாடா கட்டாத சப்பாத்துடன் வாசலில் நின்றாள். அம்மா போன பாதையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்து, காலைத் தூக்கி யோகராஜாவின் மடியில் வைத்தாள்.

அவர் குனிந்து நாடாவைக் கட்டினார். முடிச்சு நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதை அவிழ்த்துவிட்டு, மெதுவாக, மறுபடியும் கட்டத் தொடங்கினார்.