மூன்று தரம் சொன்ன உண்மை

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் புது டாக்டர். கழுத்தில் ஸ்டெத் ஏறியதும் எல்லாம் தெரியும் என்ற திமிரும் கூடவே ஏறியிருந்தது.

ஒரு நாள், மீன் ஏலம் விடுகிறவர் ஒருவர் கால் வீங்கி மூச்சு வாங்க வந்தார். இரண்டு கண்ணைச் சுற்றியும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. பொண்டாட்டியிடம் அடி வாங்குகிறார் என்று குப்பமே சிரித்ததாம். கூட வந்த மனைவியைப் பார்த்தேன். மீன்கூடை தூக்கி உரமேறிய கைகள். சீட்டில் 'அடிபட்ட காயம்' என்று எழுதி, அவளை வார்டுக்குள் விடக் கூடாது என்றேன்.

"நீயும் அதையே சொல்றியா டாக்டரே? இந்த ஆளுக்கு இருமினாலே கண்ணு கறுத்துப் பூடுது," என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் என் எதிரிலேயே விடாமல் இருமினார். சாயங்காலம் இமையில் புதிதாக ஒரு கன்றல். அவளோ காலையிலிருந்து மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். நாக்கு தடித்து, ஓரமெல்லாம் பல் தடம். ஏலக் குரல் குழறியதைக் கேட்டு, மதுவிலக்குக் காலத்திலும் இவருக்கு எங்கோ சாராயம் கிடைக்கிறது என்று ஊர் நினைத்திருந்தது. இதயம் தளர்ந்திருந்தது, அதற்கு வழக்கமான காரணமான ரத்த அழுத்தமோ ஏறவே இல்லை. ஈ.சி.ஜி. கோடுகள் குட்டை குட்டையாக இருந்தன. படித்த பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அமிலாய்டு. மெழுகு போன்ற ஒரு பொருள் நாக்கிலும் இதயத்திலும் ரத்தக் குழாயிலும் படிகிற நோய்; குழாய் நொய்ந்துபோய், இருமினாலே கண்ணோரம் ரத்தம் கசிந்து கன்றிவிடும். நரம்பில் சிவப்புச் சாயம் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தோம். சாயம் அநேகமாகக் காணோம். படிந்திருந்த பொருள் அதைக் குடித்துவிட்டது. சந்தேகம் தீர்ந்தது.

இதற்கு மருந்து கிடையாது என்று அவரிடம் சொன்னேன்.

"அது கெடக்கு நைனா. எம் பொண்டாட்டி அடிக்கலேன்னு ஏலத்துல வந்து சொல்லு. அங்க மூணு தரம் சொன்னத எவனும் மாத்த முடியாது."

அடுத்த வாரம் வஞ்சிரக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன்: "இது நோய். இவர் சம்சாரம் அடிக்கவில்லை. ஒரு தரம்! ரெண்டு தரம்!"

மூன்றாவது தரத்தை அவரே, அந்தத் தடித்த நாக்கோடு குழறிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நெஜமாவே ரெண்டு போட்டாலும் எவனும் நம்ப மாட்டான்," என்றாள்.

முதலில் சிரித்தது அவர்தான்.