ரெண்டு மாசக் கட்டி

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். பெரம்பலூரில் கண் டாக்டராக உட்கார்ந்த நாளிலிருந்து, நோயை முற்றவிட்டு வருகிறவர்களைத் திட்டாமல் அனுப்பியதில்லை. "இத்தனை நாளா என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்த?" என்று நான் போடும் சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்கும். நல்லதுக்குத்தானே திட்டுகிறேன் என்று எனக்கொரு நினைப்பு.

அன்றைக்கு எறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புருஷனோடு வந்தாள். கரும்பு வெட்டுகிறவள். வலது கண்ணின் வெள்ளையில், வெந்த ஜவ்வரிசி போல இளஞ்சிவப்பாக ஒரு கட்டி.

"எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மாசமாத்தாங்க."

இரண்டே மாதத்தில் இவ்வளவு வளர்ச்சி நல்லதற்கில்லை. புற்றாக இருக்கலாம், பரவியிருந்தால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு எப்படிங்க அருவா புடிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

"அடியே, உள்ளதச் சொல்லித் தொலையேன்!" என்று புருஷன் கத்தினான். பிறகு என்னிடம் திரும்பினான். "மூணு வருஷமா இருக்குதுங்க சார். உங்க சத்தத்தக் கேட்டுப் பயந்துட்டா. பெஞ்சில இருந்தவங்கதான் ரெண்டு மாசம்னு சொல்லச் சொன்னாங்க. இங்க எல்லாரும் கொறச்சுத்தான் சொல்லுவாங்களாம்."

போனில் மகளின் சடங்கு போட்டோவைக் காட்டினான். மூன்று வருஷத்துக்கு முந்தையது. அதில் மகள் பக்கத்தில் நின்ற இவள் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே கட்டி, கொஞ்சம் சின்னதாக.

அடக் கடவுளே! இத்தனை வருஷமாக நான் சீட்டில் எழுதிய நாள் கணக்கில் எத்தனை என் வாய்க்குப் பயந்து சொன்னவையோ. வெட்கமாக இருந்தது.

இவ்வளவு மெதுவாக வளர்ந்தது கெட்ட கட்டியாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் சோதித்தால்தான் நிச்சயம். கட்டியை மட்டும் அறுத்தெடுத்து, திருச்சிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை தினமும் திருச்சிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

வந்தது. மிக்சோமா. கண்ணில் அபூர்வமாக வரும் சாதுவான கட்டி. நானே அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"புற்று இல்லம்மா. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

இப்போதுதான் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மூணு வருஷம் சும்மா இருந்தது தப்புத்தாங்க. இப்பத் திட்டிக்குங்க சார்."

சீட்டில் 'ரெண்டு மாசம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'மூன்று வருஷம்' என்று எழுதினேன்.